கொல்லிமலையில் நான்கு நாள்: அறுந்த ஃபைபரைத் தேடி

முதல் நாள், திங்கள் இரவு, செம்மேடு

காலை பதினொன்றரைக்கு சூப்பர்வைசர் போன் செய்தபோது நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேறு ஒரு கேபிள் ஜாயின்டை மூடிக்கொண்டிருந்தேன். செம்மேட்டிலிருந்து வளப்பூர் நாட்டுப் பக்கம் போகிற 24 கோர் (24 கண்ணாடி இழை) இன்டர்நெட் கேபிள் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து செத்துக் கிடக்கிறது, இன்றைக்கே மலை ஏறிவிடு என்றார். சாப்பிட்டுவிட்டு, இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின், அறுந்த இடத்தின் தூரத்தைக் காட்டும் ஓடிடிஆர், இழையை வெட்டும் க்ளீவர், ஒட்டிய இடத்தை மூடும் இரண்டு ஜாயின்ட் க்ளோஷர், ஏணி, கயிறு எல்லாம் வண்டியில் ஏற்றி, ஓட்டுநர் அண்ணனும் உதவிக்கு வரும் தம்பியும் நானும் கிளம்ப இரண்டு மணி ஆகிவிட்டது.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளியில் மலை அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள், எண்ணிக்கொண்டே ஏறலாம். நாங்கள் 38 வரைக்கும் எண்ணினோம். 39-இல் மரம் ஏற்றி இறங்கி வந்த லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் பேருந்து, அந்தப் பக்கம் மூன்று வேன். ஒரு மணி நாற்பது நிமிடம். மழை வேறு பிடித்துக்கொண்டது.

செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் வல்வில் ஓரி சிலையைத் தாண்டும்போது ஆறு மணி. சிறு வயதில் அப்பா சொல்வார், ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று. இந்த மலைக்கு வரும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

நேராக, கேபிள் வந்து சேரும் ரேக் இருக்கும் அறைக்குப் போய் ஓடிடிஆர் வைத்துப் பார்த்தேன். 24 இழையும் ஒரே இடத்தில் முடிகிறது. 9.86 கிலோமீட்டர். எல்லாம் ஒரே புள்ளியில் நின்றால் கேபிள் முழுதாக அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அதாவது தேடுவது சுலபம். மெஷின், ஓடிடிஆர் இரண்டையும் விடுதி அறையில் சார்ஜில் போட்டாயிற்று. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு ஆகாய கங்கை அருவி வரைக்கும் போய் வரலாமா என்று தம்பி கேட்டான். பார்க்கலாம்டா என்றேன்.

இரண்டாம் நாள், செவ்வாய், இரவு 11:40

கை இன்னும் சூடு ஏறவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்தால் கோபம் மட்டும் மிஞ்சும், விவரம் போய்விடும்.

நேற்று ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் ஸ்ப்ளைசிங் மெஷின் ஏறக்குறைய நிறைந்திருந்தது, ஓடிடிஆரில் இரண்டு கோடு. தம்பி ஒயரை மல்டி பிளக்கில் சரியாகச் சொருகவில்லை. அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, படுக்கும் முன் விளக்கு எரிகிறதா என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும். வண்டியில் போட்டு ஏற்றும் சார்ஜர் ஓடிடிஆருக்கு ஆகாது. சரி, கணக்காகப் பயன்படுத்துவோம் என்று கிளம்பினோம்.

பனி. முன்னால் போகும் பைக்கின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிகிறது. வண்டியின் மீட்டரைப் பார்த்து 9.8 கிலோமீட்டரில் இறங்கினோம். கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம், முன்னால் நானூறு மீட்டர், பின்னால் முந்நூறு மீட்டர். கேபிள் நன்றாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கேபிளும் பனிக்குள் ஒன்றாகத் தெரிகிற இடங்களில் ஏணி போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன். பத்தரை மணி வரைக்கும் இதே வேலை. சட்டை நனைந்துவிட்டது. சிக்னல் ஒரு கோடு கூட இல்லை, செம்மேட்டில் ரேக் அறையில் நிற்கிறவரிடம் பேச அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோமீட்டர் பின்னால் மேட்டுக்கு வண்டியை விட்டுக்கொண்டு போய் வந்தார்.

இந்த இடத்தில் ஓடிடிஆரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கண்ணாடி இழைக்குள் ஒரு வெளிச்சத் துடிப்பை விடும். போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் சிதறித் திரும்பி வரும், அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதை அளந்து சில மீட்டர் வித்தியாசத்தில் சொல்லிவிடும் அந்தப் பெட்டியை நான் இன்றைக்கும் மரியாதையோடுதான் தூக்குகிறேன். ஆனால் அது சொல்வது இழையின் நீளம். ரோட்டின் நீளம் அதற்குத் தெரியாது. கேபிளுக்குள் இழைகள் டியூபில் முறுக்கி முறுக்கிப் போவதால் கேபிளை விட இழை கொஞ்சம் நீளம். அதற்கு மேல், பின்னால் ரிப்பேருக்கு ஆகும் என்று கம்பத்தில் அங்கங்கே பதினைந்து இருபது மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டி வைப்பார்கள். அந்தச் சுருள்களை ரூட் ஷீட்டில் எழுதியிருந்தால் கழித்துக்கொண்டு நேராக இடத்துக்குப் போய் நிற்கலாம். எங்களிடம் இருந்த ஷீட்டில் கம்ப எண் இருந்தது, ஊர்ப் பெயர் இருந்தது, சுருள் என்ற சொல்லே இல்லை. கேபிள் இழுத்தபோது ஏணியில் நின்று சுருட்டிக் கட்டியவன் என்னைப் போல ஒருவன்தான், கீழே நின்று நோட்டில் எழுதாமல் விட்டவர் யாரென்று தெரியவில்லை. அவர் எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? எங்களுக்கு அரை நாள் போயிற்று.

ஒரு கம்பத்தில் ஏறும்போதுதான் பாசி பிடித்த சுருளைப் பார்த்தேன். ஏழு சுற்று, கையால் அளந்தால் இருபது மீட்டருக்கு மேல். அதைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் வரும் வழியில் இதைப் போல எத்தனையோ தாண்டி வந்திருக்கிறோம். அப்படியானால் இடம் பின்னால் ஐந்நூறு அறுநூறு மீட்டரில் இருக்க வேண்டும். திரும்பி நடந்தோம். ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "என்ன தம்பி தேடறீங்க" என்றார். சொன்னேன். "அந்தக் காப்பித் தோட்டத்துக்குள்ள சனிக்கிழமை மழைக்கு ஓக்கு மரம் சாஞ்சுதே, அது ஒரு ஒயர் மேலதான் விழுந்துச்சு" என்றார். காலை எட்டு மணிக்கே அந்த இடத்தைத் தாண்டி வந்திருக்கிறோம். அங்கே கேபிள் ரோட்டை விட்டு விலகி இருநூறு மீட்டர் தோட்டத்துக்குள் போகிறது, பனியில் எங்களுக்குத் தெரியவில்லை. வண்டியை நிறுத்தி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பெட்டி சொன்ன எண்ணை மட்டும் நம்பிப் போய்விட்டோம்.

மரம் கேபிளை இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அடுத்த கம்பத்தில் ஒரு சுருள் இருந்ததால் நல்லதாயிற்று, அவிழ்த்து இழுத்தால் இரண்டு முனையும் கீழே வந்தன, நடுவில் புதுக் கேபிள் போட வேண்டியதில்லை, ஒரு ஜாயின்டில் முடியும். மரத்தின் மேல்பகுதியை வெட்டி ஒதுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பெரியவர் அரிவாளோடு வந்து கூட நின்றார். வண்டி தோட்டத்துக்குள் வராது. தார்ப்பாயை நாலு கிளையில் கட்டி, கீழே ஸ்டூல் போட்டு, மூன்று மணிக்கு மெஷினைத் திறந்தேன்.

தம்பி ஸ்லீவ் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான், ஒட்டிய இடத்தின் மேல் காப்பாகப் போடும் சின்னக் குழாய்கள். 40 மில்லிமீட்டர் ஸ்லீவ். எங்கள் வேலைக்கு 60 வேண்டும், 40 போட்டால் உரித்த இழையின் ஓரம் வெளியே நிற்கும், ஆறு மாதத்தில் முறியும். பையைக் கொட்டித் தேடினால் 60 மில்லிமீட்டர் ஸ்லீவ் 31 இருந்தது. 24 ஜாயின்டுக்கு 31. ஏழு தப்பு வரைக்கும் தாங்கும்.

இழையின் கண்ணாடி 125 மைக்ரான், அதற்குள் வெளிச்சம் போகிற பாதை 9 மைக்ரான். இரண்டு முனையையும் நேராக வெட்டி, எதிரெதிரே வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறோம். வெயில் நாளில் நிழலில் உட்கார்ந்தால் ஒரு ஜாயின்ட் மூன்று நிமிடம், ஒட்டிய இடத்தில் வெளிச்ச இழப்பு 0.02, 0.03 டெசிபெல் (டிபி), எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இன்று பனி தார்ப்பாய்க்குள்ளேயே மிதந்தது. மெஷினின் பள்ளத்தில் ஈரம் படிந்து முதல் ஜாயின்ட் 0.41 காட்டியது. துடைத்து, மின்பொறியைச் சரிபார்க்கும் ஆர்க் டெஸ்ட் போட்டு, மறுபடி செய்தால் 0.28. க்ளீவர் கத்தியின் முனையை மாற்றித் திருப்பி வைத்த பிறகு 0.03 வந்தது. அதற்குள் மூன்று ஸ்லீவ் போய்விட்டது. இழையை வெட்டும்போது விழும் துண்டுகள் கண்ணுக்கே தெரியாது, பெரியவர் வெறுங்காலோடு நிற்கிறார், அதனால் ஒவ்வொரு துண்டையும் டேப்பில் ஒட்டி பாட்டிலில் போட்டுக்கொண்டே இருந்தோம். அதில் நேரம் போனதற்கு நான் வருத்தப்படவில்லை.

நடுவில் அண்ணன் கேபிளின் கடைசியில் இருக்கும் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் போய் வந்தார். அங்கே இ-சேவை மையத்தில் ஒரு அம்மாவும் மகளும் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க வேண்டும், நேற்றும் வந்தார்களாம், ஐந்து கிலோமீட்டர் நடை. "இன்னைக்கு வந்துருமான்னு கேட்டாங்க தம்பி, நான் வந்துரும்னு சொல்லிட்டேன்" என்றார். அதைக் கேட்டதும் கை வேகமாகப் போனது. வேகமாகப் போகிற வேலை இல்லை இது.

கடைசி டியூபுக்கு வரும்போது ஆறரை மணி, தலையில் ஹெட்லாம்ப் வெளிச்சம். வேறு இரண்டு இடத்தில் ஜாயின்ட் தப்பாகி, ஒரு இழைக்கு ஸ்லீவ் போடவே மறந்து, எப்படியோ 24-உம் முடிந்தபோது இரண்டு ஸ்லீவ் மிச்சம். க்ளோஷரை மூடி, ரப்பர் பார்த்து இறுக்கி, கம்பத்தில் ஏற்றிக் கட்டினோம். ஓடிடிஆரில் இருந்த இரண்டு கோட்டை வைத்து, இங்கிருந்தே அந்தப் பக்கமும் ஒரு முறை வெளிச்சம் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்த வேலையில் முதலில் கற்றுத் தருவதே அதுதான்: அறுந்த இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார். சார்ஜ் மிச்சம் பிடிக்க நினைத்துத் தவிர்த்துவிட்டேன். இது என் தப்பு.

எட்டரைக்குச் செம்மேடு ரேக் அறையில் வைத்துப் பார்த்தால், நம் ஜாயின்ட் தாண்டி 9.98 கிலோமீட்டரில் பாதி இழைகள் முடிகின்றன. மரம் விழுந்த வேகத்தில் கேபிள் இழுபட்டு, மூன்று கம்பம் தள்ளி க்ளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் உள்ளே இழை மட்டும் முறிந்திருக்கிறது. வெளியே உறையில் கீறல் கூட இருக்காது. முதல் முறிவு இருக்கும் வரை அதற்கு அப்பால் இருப்பது செம்மேட்டிலிருந்து தெரியாது. அந்தப் பக்கம் ஒரு முறை அடித்திருந்தால் நாலு மணிக்கே தெரிந்திருக்கும், இருட்டுக்குள் இரண்டாவது ஜாயின்டைத் தொடங்கி இருக்கலாம், அல்லது குறைந்தபட்சம் அந்த அம்மாவிடம் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கடை எல்லாம் அடைத்துவிட்டார்கள், விடுதிக்காரர் அவர் வீட்டுச் சாமைச் சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், புதன் இரவு

ஓடிடிஆர் முழு சார்ஜ். நானே இரண்டு முறை எழுந்து பார்த்தேன்.

ஸ்லீவ்தான் பிரச்சினை. இரண்டை வைத்து என்ன செய்வது? நாமக்கல் போய்த் திரும்பினால் ஐந்து மணி நேரம். செம்மேட்டில் கேபிள் டிவி நடத்தும் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டோம். கதவைத் திறந்து, காரணம் கேட்டுவிட்டு, 60 மில்லிமீட்டர் பாக்கெட் ஒன்றை அப்படியே கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. "அந்த ஊர்க்காரங்க எனக்கும் கஸ்டமர்தாங்க" என்றார். ஐம்பது ஸ்லீவ் இருந்தது. அடுத்த வாரம் இரண்டு பாக்கெட்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதில் எழுதி வைக்கிறேன்.

இன்று பனி ஒன்பது மணிக்கே விலகிவிட்டது. கம்பத்தில் க்ளாம்பைக் கழற்றி, கேபிளை இறக்கி, முறிந்த இடத்தைத் தாண்டி வெட்டி, இரண்டாவது க்ளோஷர். எல்லாம் 0.05-க்குக் கீழே. ஒன்றே கால் மணிக்கு முடிந்தது. நேற்று இருந்தது போல ஒரு பதற்றமும் இல்லை, வெயிலும் நிழலும் இருந்தால் இந்த வேலையைப் போல மனதுக்கு அமைதி தருவது எனக்கு வேறு இல்லை.

ஊராட்சி அலுவலகத்தில், வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரை வைத்தால் வெளிச்சம் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிடம் பேச்சு வரவில்லை. செம்மேட்டிலிருந்து பார்த்தால் 24-உம் கடைசி வரைக்கும் சுத்தமாகப் போகிறது. ஒவ்வொரு இழையாகச் செம்மேட்டில் வெளிச்சம் விடச் சொல்லி, இங்கே பார்த்துக்கொண்டே வந்தோம், போனில் பேசவும் அலைந்துகொண்டே. 23-இல் விட்டால் 24-இல் வருகிறது. 24-இல் விட்டால் 23-இல்.

எங்கள் கேபிளில் நாலு டியூப், டியூபுக்கு ஆறு இழை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை. நேற்று ராத்திரி ஹெட்லாம்பின் மஞ்சள் வெளிச்சத்தில் கடைசி டியூபின் சாம்பலையும் வெள்ளையையும் மாற்றி ஒட்டியிருக்கிறேன். பகலில் குழந்தை கூட பிரித்துச் சொல்லிவிடும். ஜெல்லி ஒட்டிய இழையை ஆல்கஹாலில் நன்றாகத் துடைக்காமல் அந்த வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். முறிந்த இழையை ஓடிடிஆர் காட்டிவிடும். மாறிப்போனதைக் காட்டாது, அதன் கண்ணுக்கு இரண்டும் நல்ல இழை.

திரும்பத் தோட்டத்துக்குப் போய், முதல் க்ளோஷரை இறக்கித் திறந்து, இரண்டு ஸ்ப்ளைஸை வெட்டி மாற்றிப் போட்டோம். பெரியவர் இன்றும் வந்தார், கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார்.

நாலு இருபதுக்கு இ-சேவை மையத்தில் விளக்கு பச்சைக்கு வந்தது. அந்த அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாவது நாள். நான் அவர்களிடம் போய், நேற்றே வந்திருக்க வேண்டியது, என் தவறால் ஒரு நாள் தள்ளிப்போனது என்று சொன்னேன். அந்த அம்மா, "மழையில நனைஞ்சீங்களாமே, டிரைவர் சொன்னாரு" என்று மட்டும் சொன்னார். மையத்தில் இருந்த பெண் ஐந்து மணிக்கு மூட வேண்டியவர், ஐந்தரை வரைக்கும் இருந்து விண்ணப்பத்தைப் பதிவேற்றி ரசீதை அச்செடுத்துக் கொடுத்தார். அவர்கள் போகும் வழி வரைக்கும் அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

நான்காம் நாள், வியாழன்

இன்றைக்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை, இறங்கி வரச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் நேரம் கேட்டேன், முதலில் முடியாது என்றார்கள், செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்ன பிறகு சரி என்றார்கள்.

காலை ஆறரைக்கு செம்மேட்டில் முதல் கம்பத்திலிருந்து தொடங்கினோம். தம்பி சுற்றுகளை எண்ணிச் சொல்ல, நான் நோட்டில் எழுத, அண்ணன் சிவப்புப் பெயின்டில் கம்பத்தில் ஒரு வட்டமும் மீட்டரும் போட்டுக்கொண்டே வந்தார். சில சுருள்கள் மிளகுக் கொடிக்குள் மறைந்து கிடந்தன, ஒன்றில் தேன்கூடு இருந்தது, அதைத் தூரத்தில் நின்று எண்ணினோம். முதல் ஜாயின்ட் வரைக்கும் 27 சுருள், மொத்தம் 540 மீட்டர். கேபிளுக்குள் இழையின் முறுக்கையும் சேர்த்தால் 640 மீட்டர் வருகிறது. 9.86-இல் அதைக் கழித்தால் 9.22. மரம் விழுந்த இடம்.

தம்பி அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மிச்சம் இருக்கும் தடத்தையும், கடைசிக் கம்பம் வரைக்கும், தானே எழுதுகிறேன் என்றான். கையெழுத்து என்னுடையதை விட நன்றாக இருக்கிறது.

தடம் முடிந்தபோது ஒரு மணி. அறப்பளீஸ்வரர் கோயில் அங்கிருந்து பக்கம்தான், சாமி கும்பிட்டோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், ஏறிவர நேரம் இல்லை, மேலே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஷீட்டைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன். ஒரு பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு செம்மேட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியாயிற்று, 23, 24 இழைகளை எந்தத் தேதியில் மாற்றிச் சரிசெய்தோம் என்பதையும் கீழே எழுதி. காரவள்ளி இறங்கும்போது வளைவு எண்கள் 70-இலிருந்து குறைந்துகொண்டே வந்தன. காளப்பநாயக்கன்பட்டியில் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. மோகனூர் பக்கம் பொக்லைன் ஒன்று கேபிளை வெட்டியிருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு அங்கே. அந்தத் தடத்துக்கு சுருள் எழுதிய ஷீட் இருக்கிறதா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.